இராக்கம்மாவிடம் திட்டு வாங்கும் பாறை

நமுனுகுல மலைச்சரிவில், பதுளை பஸ் திரும்பும் இடத்துக்கு மேலே ஒரு பழைய துரை பங்களா இருக்கிறது. இப்போது அது விருந்தினர் விடுதி. அதன் கேட்டை ஒட்டி ஆளுயரப் பாறை ஒன்று. தினமும் காலையில் இராக்கம்மா அந்தப் பாறைக்கு முன்னால் நின்று, அதைக் காது கூசத் திட்டுவாள். அப்புறம் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு உள்ளே போய்க் குதிரைகளுக்குப் புல் போடுவாள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் புதிதாக வந்தவர்கள் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதாக நினைப்பதுண்டு. நினைத்துவிட்டுப் போகட்டும்.

கோபம் அவளுக்குப் பிறவிக் குணமல்ல. தேயிலைக் கொழுந்து பறித்த காலமெல்லாம் அவள் வாயில்லாப் பூச்சி. விடிந்ததும் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் தலையைக் குனிந்தபடி நிற்பாள். "நல்ல புள்ள, சத்தமே கேக்காது" என்று கங்காணி மெச்சுவார். மெச்சிவிட்டு, யாரும் ஏற விரும்பாத செங்குத்து மலையை அவள் தலையில் கட்டுவார். ஒருநாள் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தியை அதே மலைக்கு அனுப்பினார்கள். "அவள அங்க அனுப்பாதீங்க" என்று இராக்கம்மா வாயைத் திறந்தாள். களத்தில் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். சில நாளிலேயே வேலைப் பதிவிலிருந்து அவள் பேரை வெட்டிவிட்டார்கள். அன்று திறந்த வாயை அவள் பிறகு மூடவேயில்லை.

பங்களாவை வாங்கியவர் சிதம்பரநாதன். பதுளை பசாரில் புடவைக் கடை வைத்திருக்கும் குடும்பம். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. இராக்கம்மாவுக்கு அதுதான் கூடுதல் எரிச்சல். விருந்தாளிகளின் பிள்ளைகள் ஏறிச் சுற்றுவதற்காகச் சில குதிரைகளை வாங்கினார். கைவிடப்பட்டிருந்த பெரட்டுக் களத்துக்கு வேலியடித்து, குதிரை மைதானம் ஆக்கினார். புல் போடவும் கொட்டில் கழுவவும் இராக்கம்மாவை வைத்துக்கொண்டார். குதிரைகளை நடத்துவதற்கு ரஜீவ் வந்தான். நுவரெலியாவில் பந்தயக் குதிரைகளோடு வேலை செய்தவன். அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் தேநீர் ஆறிவிடும்.

குதிரைகளில் சாந்திதான் எல்லோருக்கும் செல்லம். பிள்ளைகள் வாலைப் பிடித்து இழுத்தாலும், வயிற்றுக்கடியில் நுழைந்து ஓடினாலும் அசையாது. "என் மக மாதிரி, நல்ல புள்ள" என்று சிதம்பரநாதன் அதன் முதுகைத் தட்டுவார். இராக்கம்மாவும் அப்படித்தான் நம்பியிருந்தாள்.

ஒருநாள் சாந்தியின் மேல் ஒரு பையன் உட்கார்ந்து சேணத்தில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். வயிற்றுச் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்த இராக்கம்மாவின் கை முன்னங்காலுக்குப் பின்னால் பட்டது. வெளியே கல்லாய் நின்ற குதிரைக்கு உள்ளே யாரோ தப்படித்துக்கொண்டிருந்தார்கள். திடுக்கிட்டு முகத்தைப் பார்த்தாள். காது திரும்பவில்லை. கண் சிமிட்டவில்லை. உதடு இறுகிக் கிடந்தது. அந்த நிலை அவளுக்கு நன்றாகத் தெரியும். இதே களத்தில் அவளே அப்படி நின்றிருக்கிறாள். அவளையும் நல்ல புள்ள என்றுதான் சொன்னார்கள்.

"ரஜீவு, இது சாது இல்லடா. பயத்துல செத்துக்கிட்டு நிக்குது."

"தெரியும்க்கா."

"தெரியுமா? தெரிஞ்சுமாடா வாய மூடிக்கிட்டு இருந்த?"

"யாருகிட்ட சொல்றது? இப்படி அடக்கி வச்சது ஒருநாள் தெறிச்சு ஓடும்க்கா. அன்னைக்கு மேல புள்ள இருந்தா போச்சு."

இராக்கம்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நேரே முதலாளியிடம் போனாள். அவர் சிரித்துக்கொண்டே ரஜீவைக் கூப்பிட்டுக் கேட்டார். ரஜீவ் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தபடி, "ஒன்னுமில்லைங்க" என்றான். அன்றைக்கு இராக்கம்மாவிடமிருந்து அவனுடைய ஏழு தலைமுறைக்கும் திட்டு விழுந்தது.

திட்டு வாங்கியவன் மறுநாள் மதியம், ஆளில்லாத நேரத்தில், அவள் கையில் சாந்தியின் கயிற்றைக் கொடுத்தான். கயிறு தொங்கும்படி பிடித்து மெதுவாகக் கிட்டே போக வேண்டும். கழுத்து இறுகினால் நின்று, ஓர் எட்டு பின்வாங்கி, வேறெங்கோ பார்க்க வேண்டும். அது தலையைத் தாழ்த்தி, உதட்டை நக்கி, பெருமூச்சு விடும் வரை காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"வெலகிப் போனா விடுங்கக்கா. வெலகினா அடி விழாதுன்னு அதுக்குத் தெரியணும்."

ஆனால் இராக்கம்மா கிட்டே போனாலே சாந்தி இன்னும் விறைத்தது. "கயிறு சும்மாதான் இருக்கு. உங்க தோளு சண்ட போடுதுக்கா" என்றான் ரஜீவ். கோபத்தை வீட்டில் வைத்துவிட்டு வரலாமென்றால், லயத்து ஒற்றை அறைக் காம்பிராவில் அடுப்புக்கே இடமில்லை. அப்போதுதான் கேட்டுப் பாறை கண்ணில் பட்டது. கங்காணி, துரை, முதலாளி, ரஜீவ் என்று எல்லோருக்கும் சேர வேண்டியதை அதன் தலையில் கொட்டிவிட்டு, வெறும் ஆளாக உள்ளே போனாள். சாந்தி முதல் தடவையாக அவளைத் திரும்பிப் பார்த்தது.

மழைக்காலம் முடிவதற்குள் அது கொட்டாவி விடப் பழகியது. உடம்பைச் சிலிர்த்து உதறியது. ஒருநாள் சேணத்தைக் கண்டதும் ஓர் எட்டு விலகி நின்று பார்த்தது. இராக்கம்மா சேணத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

பிறகு முதலாளியின் பேத்திக்குப் பிறந்தநாள் வந்தது. பலூன், கேக், பதுளைச் சொந்தக்காரர்கள். சாந்தி மேல் வைத்துப் படம் பிடிக்க, சிதம்பரநாதன் பேத்தியைத் தூக்கினார். எங்கோ ஒரு பலூன் வெடித்தது. சாந்தி துள்ளவுமில்லை, கல்லாகவுமில்லை; ஓர் எட்டு பக்கவாட்டில் விலகியது. பேத்தி தாத்தாவின் கையில் அந்தரத்தில் தொங்கினாள். சொந்தக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். முதலாளிக்கு முகம் சிவந்தது.

"நல்லா இருந்த குதிரைய கெடுத்து வச்சிருக்கியே, இராக்கம்மா!"

"கெடுக்கலைங்க மொதலாளி. ஒதைக்கல, கடிக்கல. வேணாம்னு சொல்லுச்சு. இவ்வளவு நாளா அதச் சொல்லத் தெரியாம நின்னுச்சு பாருங்க, அதுதாங்க ஆபத்து."

"நாளையிலேர்ந்து நீ வராத. ரஜீவ், கடிவாளத்த இறுக்கிப் பிடி, புள்ளய ஏத்துறேன்."

ரஜீவ் பிடித்தான். சாந்தியின் காது மறுபடி விறைத்தது. கண் பழைய கல்லானது. இராக்கம்மா வாயைத் திறந்தாள். ஆத்திரத்தில் சத்தம் வரவில்லை. நல்ல நேரம் பார்த்து அந்த வாய் காலை வாரிவிட்டது.

"முடியாதுங்க."

யார் பேசியது என்று எல்லோரும் தேடினார்கள். ரஜீவ் கடிவாளத்தை விட்டிருந்தான்.

"என்னடா?"

"முடியாதுங்க மொதலாளி. புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிரும். இது பயந்த குதிரை. வந்த நாள்லேர்ந்தே எனக்குத் தெரியும். சொல்லப் பயந்துக்கிட்டு இருந்தேங்க." பேத்தியின் அம்மா கிருஷாந்தி ஓடிவந்து, அப்பாவின் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள்.

இரண்டு பேரையும் நிறுத்தினால் குதிரை பார்க்க ஆளில்லை. அதனால் சிதம்பரநாதன் சாந்தியை விற்பதாகச் சபதம் போட்டார். மொனராகலையிலிருந்துகூட ஆள் வந்து பார்த்தது. யார் கையை நீட்டினாலும் சாந்தி ஓர் எட்டு விலகி நின்று அவர்களை ஏற இறங்கப் பார்த்தது. அடங்காத குதிரை என்று போய்விட்டார்கள். இப்போது அதன் மேல் பிள்ளைகளை ஏற்றுவதில்லை. முதலாளி இராக்கம்மாவோடு நேரடியாகப் பேசுவதும் இல்லை. சமையல்காரர் மூலம் சொல்லியனுப்புகிறார். அவர் காதில் விழட்டும் என்றே அவள் சமையல்காரருக்குச் சத்தமாகப் பதில் சொல்கிறாள்.

காலையில் பாறைக்கு முன்னால் இப்போது ரஜீவும் வந்து நிற்கிறான். உதட்டுக்குள் ஏதோ முணுமுணுக்கிறான். இராக்கம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"சத்தமாத் திட்டுடா," என்கிறாள். "எனக்கே கேக்கல."