மாமியின் இரண்டு கடவுச்சீட்டுகள்

மாமியின் கனடாக் குடியுரிமை விண்ணப்பத்தை நிரப்பும் வேலை என் தலையில் விழுந்தது. கணவர் லொறி ஓட்டுபவர். வாரத்தில் நாலு நாள் ஒன்ராறியோப் பக்கம்தான். வீட்டில் நிற்கும் நாட்களில் கணினியைத் திறந்தாலே அவருக்குக் கண் சொருகிவிடும். எனக்கு விமான நிலையம் இருக்கும் டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் இடத்தில் வேலை. ஞாயிறு விடுமுறை. அப்படி ஒரு ஞாயிறு பின்னேரம், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, பியர்பொன்ட்ஸ் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் மாமியின் கடவுச்சீட்டுகளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இரண்டு இருந்தன. இரண்டும் இலங்கைக் கடவுச்சீட்டுகள்தான். ஒன்று பழையது, மூலை வெட்டிச் செல்லாது என்று ஆக்கப்பட்டது. மற்றது புதியது. இரண்டு வருடத்துக்கு முன் மாமி யாழ்ப்பாணம் போய் நாலு மாதம் நின்றார். பழையது முடியப்போகிறது, ஊரிலேயே மாற்றிக்கொண்டு வாறன் என்று அங்கிருந்து தொலைபேசியில் சொன்னார். ஆகவே போகும்போது ஒன்று, வரும்போது வேறொன்று. ஐந்து வருடத்தில் எந்த நாள் கனடாவை விட்டுப் போனீர்கள், எந்தெந்த நாட்டுக்கு, எந்த நாள் திரும்பினீர்கள் என்று விண்ணப்பத்தில் ஒரு பகுதி. மாமி போனது ஒரே ஒரு தடவை. பத்து நிமிட வேலை என்றுதான் நினைத்தேன்.

மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா இறந்த பிறகு மகனிடம், அதாவது என் கணவரிடம், வந்தவர். எங்கள் தெருமுனையில் பஸ் நிற்கும். ஒரு நாளும் தனியே ஏறியதில்லை. மெத்ரோ ரயில் நிலையத்தின் நகரும் படிக்கட்டில் என் கையை இறுக்கிப் பிடிப்பார். மேலே வந்து சேர்ந்தபின் என் மணிக்கட்டில் அவரது விரல் அடையாளம் சிவந்திருக்கும். பக்கத்துச் சின்னக் கடையில், இங்கத்தையார் தெப்பனர் என்பார்கள், பால் வாங்க அனுப்பினால், விரலால் காட்டி, பிரெஞ்சில் நன்றிக்கு “மெர்சி” என்று முணுமுணுத்துவிட்டு ஓடி வந்துவிடுவார். பயந்த சுபாவம் என்று நானும் கணவரும் முடிவு கட்டியிருந்தோம். அவர் சார்பில் எல்லாவற்றையும் நாங்களே பேசினோம், நாங்களே முடிவெடுத்தோம்.

பழைய புத்தகத்தில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்திறங்கிய முத்திரை தெளிவாக இருந்தது. புதியதில் கட்டுநாயக்காவை விட்டுப் புறப்பட்ட முத்திரை ஒன்று இருக்க வேண்டும். அதைத் தேடிப் பக்கங்களைப் புரட்டினேன். ஒன்று இல்லை, ஐந்து இருந்தன. யாழ்ப்பாணத்துப் பலாலியில் இருந்து புறப்பாடு. சென்னையில் வருகை. எட்டு நாள் கழித்துச் சென்னையில் புறப்பாடு. மறுபடி பலாலி. கடைசியாகத்தான் கட்டுநாயக்கா. வேறு யாருடைய கடவுச்சீட்டோ என்று முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். மாமியின் முகம்தான், மூக்குத்தியோடு.

மாமி எனக்கு முதுகு காட்டி நின்று புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார்.

“மாமி, நீங்கள் இந்தியாவுக்குப் போனனீங்களோ?”

அவர் கை நின்றது. கையைக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார். அந்தப் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

“உது கனடாக்காரருக்குத் தெரியவருமோ பிள்ளை?”

தெரிந்தால் ஒன்றுமில்லை, போன இடத்தைப் போனபடி எழுதினால் சரி, மறைத்தால்தான் பிழை என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். ஆனால் முகம் தெளியவில்லை. அவர் பயந்தது கனடாக்காரருக்கு இல்லை, மகனுக்கு என்று அப்போதுதான் விளங்கியது. பிறகு மெல்ல மெல்லச் சொன்னார்.

மாமிக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு சிநேகிதி. முதலாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் அருகருகே இருந்து படித்தவர்கள். சண்டைக் காலத்தில் அந்தச் சிநேகிதி புருஷனோடு மன்னாரில் படகேறித் தமிழ்நாட்டுக்குப் போனார். அன்றிலிருந்து திருச்சிக்கு அங்கால் ஒரு அகதி முகாமில்தான் வாழ்க்கை. முப்பது வருடத்துக்கு மேல். அவரிடம் கடவுச்சீட்டு இல்லை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் படகில் நனைந்து கூழாகிப் போனது. முகாமிலேயே பிறந்த மகளுக்கு இலங்கைக் குடியுரிமை எடுக்க வேண்டுமென்றால், தாயின் பிறப்புப் பத்திரம் வேண்டும். அதை எடுத்துக் கொடுக்க ஊரில் ஆள் இல்லை.

இங்கிருந்து போவதற்கு முன்பே மாமி இந்தப் பேச்சை மகனிடம் எடுத்திருக்கிறார். அகதி முகாம், இந்தியா என்று அலைந்தால் உங்கட கனடாப் பேப்பருக்குத்தான் சிக்கல் வரும், பேசாமல் இருங்கோ என்று கணவர் சொல்லிவிட்டார். மாமியும் பேசாமல் இருந்தார். பேசாமலே போனார்.

ஊருக்குப் போனதும் பிரதேச செயலகத்துக்கு நாலு தடவை நடந்தார். சிநேகிதி பிறந்தது தனக்கு மூன்று நாள் முன்னதாக என்பதும், தாய் தகப்பன் பேரும் அவருக்குத் தெரியும். பழைய பதிவேட்டில் தேடிப் பிரதி எடுத்துக் கொடுத்தார்கள். தபாலில் அனுப்பலாமே என்றேன்.

“போய்ச் சேராட்டி? அவளிட்ட வேற என்ன இருக்கு?” என்றார்.

டிக்கெட் போடும் கடையில், பழைய கடவுச்சீட்டில் ஆறு மாதம் இல்லை, இந்திய விசா கிடைக்காது என்றார்கள். அதற்காகத்தான் விடியப்புறம் பஸ் பிடித்து வவுனியா போய்ப் புதியதற்குக் கொடுத்திருக்கிறார். நாங்கள் இங்கே, பரவாயில்லையே, அம்மா முன்யோசனையாக மாற்றிக்கொண்டு வருகிறா என்று கதைத்துக்கொண்டிருந்தோம்.

பலாலியில் சின்ன விமானம். பத்திரத்தைக் கைப்பையில் வைக்கப் பயந்து, பொலித்தீனில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். சென்னையில் முத்திரை குத்தும் அதிகாரி, “கூட யாரும்மா வந்திருக்காங்க?” என்று கேட்டாராம். ஒருத்தரும் இல்லை என்றாராம் மாமி. என்ன விஷயமாக வந்தீர்கள் என்றதற்கு, சிநேகிதியைப் பார்க்க என்றாராம். அவர் நிமிர்ந்து மாமியின் நரைத்த தலையை ஒரு தரம் பார்த்துவிட்டு முத்திரையைக் குத்தினாராம்.

நான் அந்த முத்திரையைப் பார்த்தேன். தீப்பெட்டி அளவு மை. ஒரு பக்கம் அழுத்தமாகவும் மறுபக்கம் மங்கியும் விழுந்திருந்தது. நகரும் படிக்கட்டில் என் கையை விடாத பெண், சென்னை பஸ் நிலையத்தில் ஆள் ஆளாகக் கேட்டுத் திருச்சி பஸ்ஸைக் கண்டுபிடித்திருக்கிறார். ஒரு விடுதியில் தனியாக அறை எடுத்திருக்கிறார். ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கானோருக்குத் தட்டு அடுக்குகிறேன். அந்த இருக்கைகளில் இப்படி ஒருவர் சட்டைக்குள் இன்னொருவரின் பிறப்பைச் சுமந்துகொண்டு இருக்கக்கூடும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.

முகாமுக்குள் வெளியாளை விடமாட்டார்கள். எதிரே தேத்தண்ணிக் கடை வாங்கில் மாமி காத்திருந்தார். ஒரு மெலிந்த கிழவி தெருவைக் கடந்து வந்தார். மாமிக்கு ஆளைத் தெரியவில்லை. வந்தவர், பள்ளிக்கூடத்தில் மாமிக்கு வைத்திருந்த பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அது என்ன பெயர் என்று மாமி எனக்குச் சொல்லவில்லை. சிரித்தார், அவ்வளவுதான். மூன்று நாள், காலை முதல் மாலை வரை, அந்த வாங்கிலேயே இருந்து கதைத்திருக்கிறார்கள். ஆறு மணிக்குள் சிநேகிதி உள்ளே போய்விட வேண்டும்.

“என்ன கதைச்சனீங்கள்?” என்றேன்.

“எல்லாந்தான். படிப்பிச்ச ரீச்சரை, கணக்குச் சோதினையில அவள் எனக்குக் காட்டினதை. அழுறதுக்கு நேரம் காணேல்லைப் பிள்ளை.”

பயணம் போன காரணம் என்ற இடத்தில், சிநேகிதியைச் சந்திக்க என்று நிரப்பினேன். மாமி பக்கத்தில் நின்று, அதை ஒரு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை கணவர் வந்தார். நான் சொல்கிறேன் என்றதற்கு மாமி விடவில்லை, தானே சொன்னார். கணவர் சப்பாத்துக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நான் நினைத்தேன். அவர் முகத்தில் இருந்தது வேறு. “தனிய எப்படியம்மா சமாளிச்சனீங்கள்?” என்று மட்டும் கேட்டார். கேட்ட குரல் சின்னப் பிள்ளையின் குரல் போல இருந்தது.

“சமாளிக்கிறதுக்கு என்ன கிடக்கு. வாய் இருக்குத்தானே. அங்க எல்லாரும் தமிழ்தான் கதைக்கினம்,” என்றார் மாமி. இங்கே அவர் வாய் திறக்காததற்கு, பயம் என்று நாங்கள் வைத்த பெயர் எவ்வளவு பிழை என்று அந்த நேரத்தில் தெரிந்தது.

கனடாக் குடியுரிமை எடுத்தால் இலங்கையுடையது போய்விடும், வைத்திருக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும் என்று அறிந்தோம். இந்த வயதில் இரண்டும் எதற்கு என்று கணவர் யோசித்தார். மாமி ஒரே பிடியாக நின்றார். “அவள் முப்பது வருசமா அந்தப் புத்தகத்துக்கு ஏங்கிறாள். நான் என்ரையை விடுறதோ?” அதற்கும் ஒரு விண்ணப்பம் போட்டோம். அதற்கு ஒப்புதல் வரும்வரை காத்திருந்து, பிறகுதான் மாமி சத்தியப்பிரமாணம் எடுத்தார். பெரிய மண்டபம், பல நாட்டு மனிதர். பிரெஞ்சில் சொல்லச் சொன்னதை, வலது கையை உயர்த்தி, பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகத் திருப்பிச் சொன்னார்.

சிநேகிதியின் மகளுக்குக் குடியுரிமைப் பத்திரம் கிடைத்துவிட்ட செய்தி இந்தக் கோடையில் வந்தது. அன்றே மாமி அடுத்த பயணத்தைப் பற்றிக் கேட்டார். கனடாக் கடவுச்சீட்டில் இந்தியா போவதா, இலங்கையுடையதில் போவதா, எதில் விசா, எதைக் காட்டித் திரும்ப இங்கே ஏறுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டார். கணவர், இந்த முறை நானும் லீவு எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றார்.

“வேண்டாமப்பு,” என்றார் மாமி. “நீ வந்தால் நாங்கள் வடிவாக் கதைக்கேலாது.”