கண்ணுக்கு நேர் வரிசை

கீழக்குயில்குடி முனீஸ்வரி யாரையும் லேசில் நம்புகிற ஆள் கிடையாது. பால்காரர் சிரித்தால் இன்றைக்குத் தண்ணீர் கூடுதல் என்பாள். கட்டின புருஷன் குழம்பைப் புகழ்ந்தாலே, என்ன காரியம் ஆகணும் என்று கேட்பாள். அப்படிப்பட்டவள் மதுரை பைபாஸ் ரோட்டுச் சூப்பர் மார்க்கெட்டில், கண்ணுக்கு நேர் வரிசையில், எட்டு வருஷமாகத் தன் எள்ளுப்பொடிக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள் என்றால் சும்மாவா? குனிந்து பொடி எடுக்க இந்தக் காலத்தில் எவருக்கு இடுப்பு வளைகிறது? அந்த இடம் போனால் பிழைப்பு போச்சு. அவள் பொடிக்குப் பக்கத்திலேயே ஹம்சவேணியின் புளியோதரைப் பொடி. அவள் சௌராஷ்டிரக்காரி. இருவரும் ஒரே நாளில் சரக்குப் போட்டுவிட்டு, ஒன்றாக டீ குடித்துப் போவார்கள்.

இந்தச் சித்திரையில் முதலாளி வாசலருகே புது அலமாரி நிறுத்தினார். 'சிறுபான்மையினர் தயாரிப்புகளுக்கு மட்டும்' என்று போர்டு, லைட், ரிப்பன். வீட்டில் வேறு மொழி பேசுகிறவள் என்பதால் ஹம்சவேணியின் பொடி அங்கே ஏறியது. முனீஸ்வரியின் பொடி தரையை ஒட்டின கடைசி வரிசைக்கு இறங்கியது. காலியான இரண்டு இடத்திலும் கடையின் சொந்தப் பொடி வந்து உட்கார்ந்தது. சும்மா நிரப்பி வைத்திருக்கிறார்கள் என்று முனீஸ்வரி விட்டுவிட்டாள்.

அவள் கண் ஹம்சவேணி மேல்தான். ஒருநாள் மேனேஜர் உமேஷும் ஹம்சவேணியும் தங்கள் சௌராஷ்டிர மொழியில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். இவளைக் கண்டதும் பேச்சு நின்றது. போதாதா! என்னவென்று கேட்டதற்கு, வேறு விஷயம் என்று மழுப்பினாள் ஹம்சவேணி. ஆக, உள்ளுக்குள் பேசி வைத்துத் தன்னைத் தரையில் இறக்கிவிட்டார்கள் என்று முனீஸ்வரி முடிவே கட்டிவிட்டாள்.

அந்த அலமாரியை எடுக்கச் சொல்லி மனு எழுதி, சரக்குப் போடுகிறவர்களிடமெல்லாம் கையெழுத்து வாங்கக் கிளம்பினாள். முறுக்கு போடும் பேயாண்டி மட்டும் மறுத்தார். கடைப்படி ஏற முடியாதவர்களுக்கு ஒரு தட்டு ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும் என்றார். "ஹம்சவேணி எப்பவோ படியேறி என் பக்கத்துல உக்காந்தவதானண்ணே, அவளுக்கு எதுக்குத் தனித் தட்டு?" என்றாள் முனீஸ்வரி.

மனுவை வாங்கின முதலாளி காப்பி வரவழைத்துக் கொடுத்து, நியாயம்தாம்மா என்றார். மூன்றாம் நாள் அலமாரியைக் காணோம். முனீஸ்வரி பழைய இடத்தைக் கேட்டுப் போனாள். அங்கே கடைப்பொடி நன்றாக ஓடுகிறது, அதை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டு அவர் போனை எடுத்துக்கொண்டார்.

அவள் வெளியே வந்தபோது, வாசலருகே ஹம்சவேணி தன் பாக்கெட்டுகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கடைசி வரிசைகூட இல்லை. உமேஷ்தான் வாயைத் திறந்தான்.

"அந்த அலமாரிய எல்லாரும் போட்டோ எடுத்தாக, ஒருத்தரும் வாங்கல. பழையபடி உங்க பக்கத்துலயே வைக்கச் சொல்லி இவுக எங்கிட்ட நாலு வாட்டி கேட்டாகக்கா. அன்னைக்குப் பேசுனதும் அதான்."

முனீஸ்வரி சாக்கின் வாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

ஹம்சவேணி சாக்கைத் தன் பக்கம் இழுத்துக் கட்டினாள்.

"சொல்லிருந்தா நம்பிருப்பீங்களாக்கா?"

முனீஸ்வரி நம்பியிருக்க மாட்டாள்.