கம்பெனிச் சுவரில் சந்தை விலை

எடை மேடையில் வேலை பார்ப்பவனை விவசாயியும் நம்பமாட்டார், கம்பெனியும் நம்பாது. எடை போட வந்த வண்டிக்கு மட்டும் அவன் மேல் புகார் இருக்காது.

மைசூரில் நஞ்சன்கூடு ரோட்டை ஒட்டி இருந்த ஒரு தக்காளி சாஸ் கம்பெனியில் எனக்கு அந்த வேலை. ராத்திரி ஷிஃப்ட். எல்லாரும் என்னை 'ரைட்டர்' என்பார்கள். டெம்போ வந்தால் எடை போட வேண்டும், சீட்டு எழுத வேண்டும். பதினொரு மணிக்கு மேல் எஸ்.டி.டி. கட்டணம் கால் பங்காகக் குறைந்ததும், பெங்களூர், கோயமுத்தூர் மண்டிகளுக்குப் போன் போட்டுத் தக்காளி விலை கேட்டு, காலையில் மேனேஜர் மேஜைக்கு அனுப்ப வேண்டும். ஜன்னலுக்கு உள்ளே விலை தெரிந்த நான். ஜன்னலுக்கு வெளியே, தெரியாமல் தக்காளியோடு நிற்கும் மனிதர்கள். ராத்திரி கண் விழித்துப் பகலில் தூக்கம் வராமல் புரளும் என் சக பாவிகளே, நம் வேலையில் பாதி இப்படித்தான்: பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பது. நான் பேசிவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

போட்டோவுக்கு ஒரு பலகை

வெளியூரிலிருந்து பெரியவர்கள் சிலர் கம்பெனியைப் பார்க்க வருவதாக ஒரு நாள் தகவல் வந்தது. சிறு விவசாயிகளுக்குக் கம்பெனி என்ன செய்கிறது என்று கேட்பார்களாம். பர்ச்சேஸ் மேனேஜர் சம்பத் அவசர அவசரமாக ஒரு கரும்பலகையைக் கேட்டுக்கு வெளியே சுவரில் அடிக்கச் சொன்னார். மேலே வெள்ளை பெயிண்டில், கன்னடத்திலும் தமிழிலும், 'விவசாயிகளுக்குச் சந்தை விலைத் தகவல்' என்று எழுதினார்கள். கீழே நான் சாக்பீஸால் அன்றைய பெங்களூர் விலையை எழுதினேன். பெரியவர்கள் வந்தார்கள், பலகைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார்கள், இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் விலையையும் எழுதட்டுமா என்று சம்பத்திடம் கேட்டேன். மனிதர் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் தமிழில் கன்னடம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"நோடி ரைட்டர், போட்டோ எடுத்தாச்சு. இனிமே எழுதினா எழுதுங்க, எழுதாட்டி விடுங்க, சும்னே என்னைக் கேக்காதீங்க."

கெம்பம்மா கேட்ட விலை

இதை நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். தினமும் எழுதினேன். நான்காம் நாளே வம்பு வந்தது.

நஞ்சன்கூடு பக்கத்திலிருந்து கெம்பம்மா என்று ஒரு பெண்மணி வருவார். ஒன்றரை ஏக்கர். புருஷன் இல்லை, மூன்று பேர் சேர்ந்து எடுக்கும் டெம்போவில் பெட்டிகளுக்கு மேலேயே உட்கார்ந்து வந்துவிடுவார். அன்று பெட்டிகளை இறக்கி, எடை போட்டு, சீட்டைக் கையில் வாங்கியதும், பலகையைக் காட்டினார். பெட்டிக்கு நாற்பது என்று எழுதியிருக்கிறது, சீட்டில் ஏன் முப்பத்திரண்டு என்றார்.

அது பெங்களூர் விலை, இங்கே கம்பெனி விலை வேறு என்றேன். அப்படியானால் பெங்களூரில் போய் எழுதுவதுதானே என்றார். நானும் விடவில்லை. பெங்களூர் போக டெம்போ வாடகை, மண்டிக் கமிஷன், இறக்குக் கூலி என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, நாற்பதில் கழித்துக் காட்டினேன். முப்பதுதான் மிஞ்சியது. கொஞ்ச நேரம் விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார். கோபம் போகவில்லை, திசை மாறியது. அவர் கன்னடத்தில் கேட்டதைத் தமிழில் சொல்கிறேன்:

"ஸ்வாமி, கைக்கு வர்றது முப்பதுன்னு தெரிஞ்சும் நாப்பதுன்னு எழுதி வச்சு எங்களை ஏன் ஏங்க வைக்கிறீங்க?"

அன்றிலிருந்து பலகையில் விலைக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம்: 'கைக்கு.'

எல்லாரும் கோயமுத்தூர் போனது

கொள்ளேகாலுக்கு அந்தப் பக்கம், ஹனூர் வழியில், மாதப்பன் என்று ஒருவர். வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், கோபம் வந்தால் இரண்டும். ஒரு வெள்ளிக்கிழமை கோயமுத்தூர் விலை நன்றாக ஏறியிருந்தது. 'கைக்கு' கட்டத்திலேயே கம்பெனி விலையைவிடப் பத்து ரூபாய் அதிகம். சந்தோஷமாக எழுதினேன். பலகையைப் படித்த மாதப்பன் பெட்டியை இறக்காமலேயே வண்டியைத் திருப்பச் சொன்னார். அவரைப் பார்த்து இன்னொரு வண்டி. அதைப் பார்த்து நாலு. ஊர்ப் பக்கம் போன பஸ்ஸில் சேதி போய், வீட்டிலிருந்தே கிளம்பினவர்களும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை மாதப்பன் வெறும் டெம்போவோடு வந்து என் ஜன்னலைத் தட்டினார். திம்பம் மலை வளைவு அத்தனையும் இறங்கிப் போய்ப் பார்த்தால், மார்க்கெட் வாசலில் நம்ம ஊர் வண்டிகளே வரிசையாக நின்றதாம். விடியும்போது விலை பாதி. கண் இரண்டும் சிவந்திருந்தது. அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"ஏனுங்க ரைட்டரே, விலைய எழுதறீங்க, சரிங்க, அங்க எத்தன வண்டி வந்து நிக்குதுன்னு எவனுங்க எழுதறது?"

நியாயமான கேள்வி. மண்டிக்காரரிடம் விலையோடு வரத்தையும் கேட்க ஆரம்பித்தேன். நேற்று எத்தனை லோடு, இன்று எத்தனை. இங்கே கேட்டில் திரும்புகிற வண்டிகளையும் எண்ணி எழுதினேன். ஒருவர் போனால் லாபம், முப்பது பேர் போனால் நஷ்டம் என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. மாதப்பன் கொடுத்த விலையில் கற்றேன்.

இன்று எழுத வேண்டாம்

அடுத்த மழையில் கோலார் பக்கம் தக்காளி அழுகியது. பெங்களூர் விலை தினமும் ஏறியது. எங்கள் கம்பெனி திங்கட்கிழமை ஒரு விலை சொன்னால் சனிக்கிழமை வரை அதே விலைதான். ஒரு புதன்கிழமை நான் ஷிஃப்டுக்கு வரும்போது சம்பத் எடை மேடையில் எனக்காகக் காத்திருந்தார்.

"இன்னைக்குப் பலகை வேண்டாம்."

"ஏன் சார்?"

"பெங்களூர் விலை நம்ம விலைக்கு ரெண்டு மடங்கு. இதைப் பார்த்தா ஒருத்தனும் இங்க இறக்கமாட்டான்."

"நம்ம விலையை ஏத்திடலாமே சார்."

"அது உங்க வேலையா?"

"இல்லை சார். எழுதறதுதான் என் வேலை."

எழுதினேன். விலை, வரத்து, கைக்கு, மூன்றும். வீம்புக்காக எழுதவில்லை. அதற்கு முந்தின இரண்டு மாதமும் பலகையின் 'கைக்கு' கட்டத்தைவிடக் கம்பெனி விலைதான் அதிகமாக இருந்தது. அதை நம்பித்தான் விவசாயிகள் இங்கே வந்தார்கள். நமக்கு நல்ல நாளில் மட்டும் பேசுகிற பலகைக்குப் பெயர் தகவல் அல்ல, விளம்பரம்.

பதினொரு வண்டிகளில் எட்டு திரும்பிப் போயின. காலை பத்து மணிக்கெல்லாம் உள்ளே வேக வைக்கப் பழம் இல்லை. தரம் பிரிக்கும் பெண்களை அரை நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அது இன்றும் எனக்கு உறுத்துகிறது. ஆனால் அந்தக் குற்றத்தை நான் ஒருவனே சுமக்கமாட்டேன். ஒரு ரூபாய்கூட ஏற்ற மனம் வராதவர்களும் ஒரு கை கொடுக்கட்டும்.

மறுநாள் மாதப்பன் வந்தார். பாதி லோடு பெங்களூருக்கு, பாதி இங்கே. நேற்று ஓடிப் போனவன்தானே நீ என்று சம்பத் சத்தம் போட்டார். மாதப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீங்க நாலு ஊரு வெலய கேட்டுட்டுத்தானுங்க வாங்கறீங்க சார், நாங்க கேட்டுட்டு வித்தா மட்டும் ஓடிப்போறதுங்களா?"

மெமோ

வெள்ளிக்கிழமை எனக்கு மெமோ வந்தது. மேலதிகாரி சொல்லை மீறிக் கம்பெனிக்கு நஷ்டம் உண்டாக்கியதற்காக ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது, மூன்று நாளில் பதில் தரவும்.

பள்ளிக்கூடத்தில் நான் அதிக நாள் உட்காரவில்லை. தமிழைத் தவிர மற்றதெல்லாம் பஸ் போர்டிலும் பொட்டலம் கட்டின பேப்பரிலும் படித்ததுதான். பதிலை நாலு நாலு வரியாக எழுதிக் கிழித்தேன். கடைசியில் நின்றது இது: 'விலையை நான் ஏற்றவில்லை. ஏறியதை எழுதினேன். பலகையின் தலைப்பு கம்பெனியே பெயிண்டில் எழுதியது. அந்தத் தலைப்புக்குக் கீழே வேறு எதை எழுத வேண்டும் என்று எழுத்தில் தெரிவித்தால் அப்படியே செய்கிறேன்.'

ஆபீஸ் டைப்பிஸ்ட் அம்மா அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை டைப் பண்ணினா என் வேலையும் சேர்ந்து போயிடும் சார், எத்தனை காப்பி போடட்டும்?"

பதிலுக்குப் பதில் வரவில்லை. எழுத்தில் தெரிவிக்க யாருக்கும் கை வரவில்லை போலும். வேலை தொங்கிக்கொண்டே இருந்தது. நானும் அதோடு தொங்கினேன்.

பெரிசா எழுதுங்க

இரண்டு மாதம் கழித்துக் காற்று மாறியது. எல்லார் வயலிலும் ஒரே சமயத்தில் பழம். கோயமுத்தூரில் இறக்குக் கூலிக்குக்கூடக் கட்டவில்லை. எங்கள் கம்பெனி மட்டும் திங்கட்கிழமை சொன்ன விலையில் வாங்கிக்கொண்டிருந்தது. திரும்பிப் போன எட்டு வண்டியும் வந்தது, கூடவே புது வண்டிகளும்.

செவ்வாய்க்கிழமை விடியும்போது சம்பத்தின் ஜீப் வந்து நின்றது. பலகை வேண்டாம் என்ற அதே மனிதர், இறங்கின வேகத்தில் சாக்பீஸை எடுத்து என் கையில் கொடுத்தார். பெங்களூர் விலையைப் பெரிதாக எழுதச் சொன்னார். ரோட்டிலிருந்தே தெரிய வேண்டுமாம். சந்தை இவ்வளவுதான், நாங்களும் இன்று முதல் குறைக்கிறோம் என்று சொல்லப் போகிறார், புரிந்தது.

பெரிதாகவே எழுதினேன். 'பெங்களூர்: எட்டு ரூபாய்.' அதற்குக் கீழே அதே அளவு எழுத்தில் இன்னொரு வரி: 'நம் கம்பெனி: முப்பது ரூபாய், திங்கள் முதல் சனி வரை.' இரண்டும் உண்மை. இரண்டும் சந்தைத் தகவல்.

கெம்பம்மா எழுத்துக் கூட்டி அதைச் சத்தமாகப் படித்தார். பெட்டிகளோடு நின்ற முப்பது நாற்பது பேரும் சம்பத்தைப் பார்த்தார்கள். அந்த முப்பது ரூபாய் போனால் இந்தப் பருவத்துப் பழம் மொத்தமும் ரோட்டோரத்தில் கொட்ட வேண்டியதுதான் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். சம்பத் ஜீப்பில் ஏறினார். சனிக்கிழமை வரை முப்பதுதான் கொடுத்தார்கள். அந்த வருஷத்திலேயே நல்ல பழம் அந்த வாரம்தான் வந்தது. அழுகலை அடியில் மறைத்து அடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. அதை யாரும் எனக்குப் பாராட்டாக எழுதித் தரவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை ஜீப் கிளம்பும் முன் அதன் ஜன்னல் வழியாகச் சம்பத்தின் தலை மட்டும் வெளியே வந்தது.

"ஏன்றீ ரைட்டர், உங்களுக்குச் சம்பளம் கேட்டுக்கு உள்ளேயிருந்து வருதா, வெளியேயிருந்து வருதா?"

பூட்டு

ஞாயிற்றுக்கிழமை பகலில் நான் தூங்கப் போனபோது பலகையைக் கழற்றிவிட்டார்கள். கேன்டீனில் மாட்டினார்கள். பெயிண்டை அழிக்க யாருக்கும் நேரமில்லை. 'விவசாயிகளுக்குச் சந்தை விலைத் தகவல்' என்ற தலைப்பின் கீழ் 'புளியோதரை, மோர்' என்று எழுதியிருந்தது. என் போனுக்கு ஒரு சின்னப் பூட்டு. டயலைச் சுற்ற முடியாது, வருகிற போனை மட்டும் எடுக்கலாம். சாவி சம்பத் பையில். இனி மண்டிகளோடு பேசுவது அவர் மட்டும்தானாம்.

ஒரு வாரம் ஜன்னலுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே இருட்டு. வருகிறவர்கள் சுவரில் நாலு ஆணித் துளையைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள். நான் சீட்டைப் பார்ப்பேன். இந்த ஊரை விட்டே போய்விடலாமா என்று யோசித்தேன். போக இன்னொரு ஊர் தோன்றவில்லை.

அடுத்த திங்கட்கிழமை, பெங்களூரில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பிய டெம்போ ஒன்று விடிந்ததும் எங்கள் கேட்டு எதிரில் வந்து நின்றது. பின்பக்கக் கதவில் சாக்பீஸ் எழுத்து. கோணல் மாணலாக ஊர், விலை, வரத்து, கைக்கு. மாதப்பன் டிரைவரிடம் சொல்லி எழுத வைத்திருக்கிறார். மறுநாள் கோயமுத்தூர் வண்டி ஒன்று. வாரக் கடைசியில், திரும்பி வருகிற வண்டி எதுவானாலும் முதுகில் விலை இல்லாமல் வருவதில்லை. போனில் மண்டிக்காரர் சொல்வது அவர் சொல்ல விரும்பும் விலை. இது இறக்கிக் கையில் வாங்கி வந்தவர்கள் எழுதின விலை. கம்பெனி வாங்கும் விலையை அவர்கள் இதை வைத்துத்தான் பேசத் தொடங்கினார்கள். சம்பத்தின் பூட்டுக்குள் இருந்த விலை செல்லாமல் போயிற்று.

பத்து நாள் பொறுத்தார். பிறகு ஒரு காலை, காப்பி டம்ளரோடு கேட்டைத் தாண்டி வெளியே வந்தார். டெம்போவின் பின்னால் நின்று, டைரியை எடுத்து, கதவில் இருந்ததை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். நான் ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்த கெம்பம்மா குனிந்து அவர் டைரியை எட்டிப் பார்த்தார்.

"நிதானமா எழுதிக்கோங்க ஸ்வாமி, நீங்க முடிக்கிற வரைக்கும் இதை யாரும் அழிக்கமாட்டோம்."

சக பாவிகளே, இத்தனை ராத்திரி விழித்து நான் கண்டது இவ்வளவுதான்: விவசாயிக்குச் சந்தை விலையைச் சொல்கிற கம்பெனிக்கு நல்ல பழமும் நல்ல பெயரும் கிடைக்கும், சொல்லாத கம்பெனிக்கு அதே விலையை விவசாயியே சொல்லிக் கொடுத்துவிடுவார்.