கார் சார்ஜ் ஏறும்வரை ஐரிஷ்

டென்மார்க்கில் ஹொல்ஸ்டெப்ரோ நகருக்குப் போகும் வழியில் காரைச் சார்ஜில் போட்டுவிட்டு, வெளியே மர மேசையில் அமர்ந்திருக்கிறேன். எதிரில் ஓர் ஐரிஷ் பெண். டேனிஷ்காரரை மணந்து இந்தப் பக்கமே குடியிருப்பவள். அவளுடைய மகனும் என் மகள் ஆரணியும் பக்கத்துப் புல்வெளியில் குதித்து விளையாடுகிறார்கள்.

அவள் மகனிடம் ஐரிஷில் ஏதோ கேட்கிறாள். அவனும் ஐரிஷிலேயே பதில் சொல்கிறான்.

"பசியா என்று கேட்டேன்," என்று எனக்கு டேனிஷில் விளக்குகிறாள். "எங்கள் மொழியில் 'ஆம்' என்று ஒரு சொல் கிடையாது. கேள்வியில் வரும் வினையையே திருப்பிச் சொல்ல வேண்டும்."

தமிழிலும் அப்படிச் சொல்லலாமே என்று எனக்கு உற்சாகம் வருகிறது. "ஆரணி, பசிக்குதோ குஞ்சு?" என்று வழக்கத்தைவிடச் சத்தமாகக் கேட்கிறேன். 'பசிக்குது' என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"யா," என்கிறாள் ஆரணி. டேனிஷில் 'ஆம்'.

"நீங்கள் சின்ன வயதிலிருந்தே ஐரிஷ் கதைப்பீர்களா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்கிறேன்.

"இல்லையே! என் அம்மாவுக்கே வராது. பள்ளியில் எனக்குப் பிடிக்காத பாடம். இவன் வயிற்றில் இருந்தபோது இணையத்தில் மறுபடி படித்தேன். இலக்கணம் இப்போதும் பிழைதான்," என்று சிரிக்கிறாள்.

பிறந்ததிலிருந்து தமிழ் கதைக்கிற என்னால் முடியாதது இவளுக்கு எப்படி முடிகிறது?

ஆரணி மூச்சிரைக்க ஓடிவந்து டேனிஷில் ஏதோ சொல்கிறாள். டேனிஷ் என்றதுமே நான் அதைக் காதில் வாங்கவில்லை.

"தமிழில சொல்லு, குஞ்சு."

சொல் கிடைக்காமல் தவிக்கிறாள். "தமிழில," என்கிறேன் மறுபடியும். அதற்குள் அந்தப் பெண் எழுந்து ஓடிவிட்டாள். பையன் விழுந்துவிட்டான் என்றுதான் ஆரணி சொல்லியிருக்கிறாள்.

முழங்காலில் இரத்தம். தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவன் விக்கி விக்கி முறையிடுகிறான், முழுக்க முழுக்க ஐரிஷில். அதைக் கேட்டும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.