தடைக்காலத்து விரல்கள்

என் மனைவிக்கு முதலில் மடங்காமல் போனது வலது கை ஆள்காட்டி விரல். மீன் விற்கிறவளுக்கு அந்த விரல்தான் கண். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் நிற்கும்போது மீனின் வயிற்றை அந்த விரலால் ஓர் அழுத்து அழுத்துவாள். சதை உடனே மேலே வந்தால் வாங்குவாள். பள்ளம் அப்படியே நின்றால், ஏலக்காரன் தலைகீழாக நின்றாலும் வாங்கமாட்டாள். அந்த விரல் வீங்கிய பிறகு மற்ற விரல்களும் ஒவ்வொன்றாக வீங்கின.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள் அவை. நான் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். வியாசர்பாடியில் பிறந்தவன், கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. அவள் திருவொற்றியூர் குப்பத்துப் பெண். அவளுடைய அம்மா மார்க்கெட்டில் உட்கார்ந்து மீன் விற்ற அதே பலகையில்தான் அவளும் உட்கார்ந்தாள். ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு மீனை எடுப்பது, செதில் சுரண்டுவது, வெட்டுவது, மறுபடி ஐஸுக்குள் கையை விடுவது. கல்யாணமான நாளிலிருந்து அவள் கை காய்ந்து நான் பார்த்ததில்லை.

இ.எஸ்.ஐ. டாக்டர் முடக்குவாதம் என்றார். அவர் கொடுத்த மாத்திரைகள் வலியைக் குறைத்தன, வயிற்றைப் புண்ணாக்கின. சாப்பிட்டதெல்லாம் எதுக்களித்துக்கொண்டு வந்தது. பிறகு மாத்திரையைக் குறைத்துவிட்டு, தடவிக்கொள்ள ஒரு டியூப் ஜெல் எழுதினார். காலையும் மாலையும் மெல்லத் தடவி, கொஞ்ச நேரம் கழுவாமல் விட வேண்டும். ஐஸில் கை வைக்கவே கூடாது. "சரிங்க டாக்டர்" என்று நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். வெளியே வந்ததும் என்னிடம், "மீனை வெயில்ல வெச்சு விக்கச் சொல்றாரா?" என்று கேட்டாள்.

டியூபை அழுத்தவே அவளுக்கு விரல் வரவில்லை. அதனால் தடவுகிற வேலை எனக்கு வந்தது. ஒவ்வொரு மூட்டாகப் பிடித்து வட்டமாகத் தேய்த்தேன்.

"யோவ், இன்னா, பேரிங்குக்கு கிரீஸ் வெக்கிறியா? மெதுவா."

"மெதுவாத்தான் தடவுறேன். எரியுதா?"

"எரியவே இல்லியே. ஜில்லுன்னு கீது. எரிச்சலே இல்லாம இது இன்னா மருந்து?"

ஆனால் அது வேலை செய்தது. நாளாக ஆக, காலையில் விறைத்த விரல்களை மடக்க அவள் பட்ட பாடு குறைந்தது. டம்ளரை ஒற்றைக் கையால் பிடித்தாள். தலையைத் தானே பின்னிக்கொண்டாள். எனக்கு உள்ளூரப் பெருமை. என் கைதானே தடவியது!

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மீனைப் பையில் போட்டுக் கொடுப்பேன். அப்படி ஒரு ஞாயிறு, பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற டீச்சரம்மா வந்தார். என் மாமியார் காலத்திலிருந்தே எங்கள் பலகையில் மட்டும் வாங்குகிறவர். வஞ்சிரத் துண்டுகளைப் பையில் வாங்கியவர், முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"ஏம்மா, மீன்ல ஏதோ வாடை வருதே? மருந்து கிருந்து தெளிச்சியா?"

"ஐயோ, அது என் கையிம்மா. மூட்டு வலிக்குத் தடவினது. இந்தா, மோந்து பாரு." வீங்கிய கையை அப்படியே நீட்டினாள்.

டீச்சரம்மா கையையும் மோந்து பார்த்தார். நம்பவும் செய்தார். "பாவம்" என்றார். ஆனால் பையைத் திரும்பப் பலகைமேல் வைத்துவிட்டு, "இன்னைக்கு வேணாம்மா, வீட்டுல பேரப்பிள்ளைங்க இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். பின்னால் நின்றிருந்த இரண்டு பெண்கள் ஒன்றும் சொல்லாமல் பக்கத்துப் பலகைக்கு நகர்ந்தார்கள். சண்டை போட்டிருந்தால்கூட அவள் சமாளித்திருப்பாள். அந்த நகர்வை அவளால் தாங்க முடியவில்லை.

அடுத்த வாரத்துக்குள் மார்க்கெட் முழுக்கப் பேச்சு. பழைய மீனின் நாற்றம் தெரியாமலிருக்க அவள் எதையோ தெளிக்கிறாளாம். ஏலத்தில் கெட்ட மீனைத் தொடாத பெண்ணைப் பற்றி! எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பலகைகளையெல்லாம் கவிழ்த்திருப்பேன். அவள் கோபப்படவில்லை. புளி போட்டுத் தேய்த்தாள், எலுமிச்சை போட்டுத் தேய்த்தாள், சோப்பு போட்டுத் தேய்த்தாள். சாயங்காலம் மட்டும் தடவினாலும் மறுநாள் காலையில் கை மணத்தது. ஒருநாள் நான் டியூபை எடுத்தபோது இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"வோணாம்யா. இனிமே தடவாத."

"மீனு முக்கியமா, கை முக்கியமாம்மே?"

"உன்னப் பத்தித் தப்பா சொன்னாக்கூடத் தாங்கிக்குவேன். என் மீனைப் பத்திச் சொன்னா தாங்கமாட்டேன்."

கம்பெனியிலிருந்து ரப்பர் கையுறை கேட்டு வாங்கிவந்தேன். அதைப் போட்டுக்கொண்டு மீனை அழுத்திப் பார்த்துவிட்டுக் கழற்றி எறிந்தாள். "மீனு நல்லதா கெட்டதான்னு எனக்கே தெர்ல. நான் எப்படி விக்கிறது?" கத்தினேன். கத்தி என்ன ஆகப்போகிறது? டியூப் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிக்குப் பின்னால் போய்விட்டது.

சித்திரை பிறந்தால் தடைக்காலம். மீன் முட்டையிடும் பருவம் என்று விசைப்படகுகளைக் கடலுக்கு விடமாட்டார்கள். சின்னப் படகுகளில் வருவது கொஞ்சம்தான். அதை வாங்கி விற்கக் கட்டுப்படியாகாது என்று அவள் பலகை போடமாட்டாள். குப்பமே கடனும் கவலையுமாகக் கிடக்கும் அந்த ஒன்றரை மாதம்தான் என் கையில் அவள் கை கிடைத்தது. காலையும் மாலையும் தடவினேன். பத்து நாளில் வீக்கம் வடியும். மாத முடிவில் முருங்கைக்கீரையைத் தானே உருவுவாள். வாசலில் கோலம்கூடப் போட்டாள். இந்தத் தடை நீடிக்காதா என்று மனசுக்குள் வேண்டிக்கொள்வேன். அவளுடைய அண்ணன்கள் காதில் விழுந்திருந்தால் என்னைக் கடலில் தூக்கிப் போட்டிருப்பார்கள். படகுகள் கிளம்புகிற நாள் வரும். அவள் கையைப் புளியால் தேய்த்துக் கழுவிக்கொண்டு போவாள். ஆடி மாதத்துக்குள் விரல்கள் பழையபடி மடங்க மறுக்கும். இப்படியே சில வருடங்கள் போயின. அவள் போய்ச்சேர்ந்துவிட்ட பிறகும், தடைக்காலம் தொடங்கியது என்று செய்தியில் கேட்டால் என் கட்டைவிரல் தானாகத் தேய்க்க ஆரம்பிக்கிறது.

கடைசியில் அவளைப் பலகையிலிருந்து எழுப்பிவிட்டது அந்த டீச்சரம்மாவின் நல்ல மனசுதான். மருந்து வாடை நின்ற பிறகு அவர் பழையபடி எங்களிடமே வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிறு, வஞ்சிரத்தை வெட்டும்போது என் மனைவியின் பிடியிலிருந்து கத்தி நழுவி விழுந்தது. எடுத்தாள். மறுபடி விழுந்தது. டீச்சரம்மா குனிந்து, "விடும்மா, முழுசாவே கொடு. நான் வீட்டுல வெட்டிக்கிறேன்" என்றார். அவள் முழு மீனையும் பையில் போட்டுக் கொடுத்தாள். மறுநாள் பலகையைத் தன் அண்ணிக்குக் கொடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு தடை ஏதும் இல்லை. வருடம் முழுவதும் தடவினேன். விரல்கள் பழையபடி மடங்கவில்லை, ஆனால் வலி குறைந்தது. எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. ஒருநாள் சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தவள், சோற்றில் கை வைக்கப் போய், கையை மூக்கருகே கொண்டுபோனாள். ஒரு தடவை மோந்தாள். உள்ளங்கையைத் திருப்பி மறுபடி மோந்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். அவள் அம்மா செத்தபோதுகூட அப்படி அழவில்லை.

"இன்னாம்மே, இன்னா ஆச்சு?"

"இதுல மீனே இல்லய்யா. வெறும் மருந்துதான் கீது. இது யாரு கையி?"

எனக்கும் அழுகை வந்தது. மறுநாள் எனக்கு மதியத்துக்கு மேல்தான் ஷிஃப்ட். காலையில் அவள் அண்ணியிடம் போய் நெத்திலி வாங்கிவந்து அவள் முன்னால் வைத்தேன். நெத்திலிக்குக் கத்தி வேண்டாம். தலையைக் கிள்ளி இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மடங்காத விரல்களுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் ஒவ்வொன்றாக இடுக்கி ஆய ஆரம்பித்தாள். நான் வேலைக்குக் கிளம்புகிற நேரம்வரை அது ஆனது. நடுவில் பல்லைக் கடித்தாள். நான் உதவப் போகவில்லை.

முடித்ததும் கையைக் கழுவாமல் முகத்தருகே வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து டியூபை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"வலிக்குதா?"

"உயிர் போவுதுய்யா."

"தடவட்டுமா?"

"வோணாம். கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

டியூபை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். பிறகு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.