குறட்டை நின்ற எட்டு விநாடி

போன வாரம் பண்டாரவளைக்குப் போயிருந்தேன். அங்கே சில இளசுகள் புதிதாக ஒரு ராக் பேண்ட் தொடங்கியிருக்கிறார்கள். எங்கள் பழைய பாட்டு ஒன்றை மேடையில் வாசிக்க அனுமதி கேட்டுக் கூப்பிட்டிருந்தார்கள்.

எங்கள் பாட்டா? ஆமாம். இந்தப் பத்தியை எழுதுகிற கை ஒரு காலத்தில் கிட்டாரும் பிடித்தது. 'கம்பளி' என்று ஒரு ப்ளூஸ் ராக் பேண்ட். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துப் பையன்கள் மூன்று பேர். அந்தோணி பாடுவான், லீட் கிட்டாரும் அவனே. ராஜுவுக்கு டிரம்ஸ். மிச்சமிருந்த கிட்டார் எனக்கு. ஒரே ஒரு கேசட் போட்டோம். அதில் ஒரே ஒரு பாட்டுத்தான் பிழைத்தது — 'பகலே, செருப்ப கழட்டிட்டு வா'. யாரோ ஒரு புண்ணியவான் அதை யூடியூபில் ஏற்றிவிட்டார்.

அந்த இளசுகளின் பேண்டில் பாடுகிற பெண் நிரோஷா, கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்து கேட்டாள்.

"அங்கிள், பாட்டு நடுவுல திடீர்னு எல்லாம் நின்னுடுது. எட்டு விநாடி ஒரு சத்தமும் இல்ல. அது தோட்டத்து மக்களோட மௌனம்தானே?"

எவ்வளவு அழகான விளக்கம்! ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். என் வாய் சும்மா இருந்தால்தானே?

"இல்லம்மா. பக்கத்து வீட்டுல குறட்டை நின்னுடுச்சு."

அப்போது எங்களுக்குத் தொழில், வேலை தேடுவது. பகலில் அந்தோணியின் அம்மாவும் அப்பாவும் கொழுந்து பறிக்க மலைக்குப் போனதும் அவன் லயத்து வீடு எங்கள் கையில். லயம் என்கிற அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசையில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அதுவும் கூரை வரை போகாது. இந்த வீட்டில் தாளித்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் எலக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் என்றால்...

பக்கத்து வீட்டில் சுப்பையா அண்ணன். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோலரில் இரவு வேலை. பகலில்தான் தூங்குவார். ஒருநாள் வாசலில் வந்து நின்றார். அடிதான் விழப்போகிறது என்று நினைத்தோம். அவரோ இடது கையை நீட்டினார். இரண்டு விரலில் கட்டு.

"மெஷின் பக்கத்துல கண்ணு அசந்துட்டேன் தம்பி. இன்னொரு தடவ தூங்குனா வேலைக்கு வராதேன்னு பெக்டரி ஐயா சொல்லிட்டாரு. அவரு சொல்றதுக்கு முன்ன கையே போயிரும்போல."

அந்தோணி தோளிலிருந்த கிட்டாரைக் கழற்றினான்.

"பாட வேணாம்னு சொல்லல. ரெண்டு மணி வரைக்கும் கொஞ்சம் மெதுவா..."

வெட்கமாக இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கம்தான்.

ஆனால் பண்டாரவளையில் நாங்கள் மேடையேற மூன்று வாரமே இருந்தது. என்ன செய்வது? ராஜு டிரம்ஸ் மேல் அம்மாவின் கம்பளியைப் போர்த்தினான். குச்சிகளை வைத்துவிட்டு விளக்குமாற்று ஈர்க்கைக் கட்டி எடுத்துக்கொண்டான். அந்தோணி காதோடு பேசுவது போலப் பாடினான். "பகலே, செருப்ப கழட்டிட்டு வா, எங்க அண்ணன் தூங்குறாரு" — முதல் வரி அப்படித்தான் வந்தது.

என் வேலை, வாசித்துக்கொண்டே சுவரில் காதை வைத்துக்கொள்வது. குறட்டை கேட்டுக்கொண்டிருக்கும்வரை வாசிக்கலாம். ஒருநாள் பாட்டின் நடுவில் குறட்டை நின்றது. கையைத் தூக்கினேன். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றோம். எட்டு எண்ணினேன். அந்தப் பக்கம் மறுபடி 'கர்ர்ர்...' என்றது. இந்தப் பக்கம் அந்தோணி விட்ட இடத்தில் தொடங்கினான்.

அது அவ்வளவு நன்றாக இருந்தது! மேடையிலும் அப்படியே வாசித்தோம். மண்டபமே எங்களோடு மூச்சைப் பிடித்தது.

கதையைக் கேட்டு இளசுகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நிரோஷா மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அந்த அண்ணனுக்குப் பாட்டு பிடிச்சிருந்திச்சா?"

அவர் அதைக் கேட்டதே இல்லையே! அவர் கேட்கக்கூடாது என்றுதானே அந்தப் பாட்டே பிறந்தது. பிறகு அந்தோணி வெளிநாடு போனான். ராஜு மரக்கறி லொறி ஓட்டப் போனான். நான் எழுத வந்தேன். அவருக்கு ஒருநாள் வாசித்துக் காட்ட வேண்டும் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. எப்படி மறந்தோம்? மனசு கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிட்டாரோடு மடுல்சீமை பஸ் ஏறினேன். சுப்பையா அண்ணன் அதே வீட்டு வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். பத்து விரலும் இருந்தன. காதுதான் மந்தம், அத்தனை வருஷ மெஷின் இரைச்சல். வந்த காரணத்தை இரண்டு தடவை கத்திச் சொன்னேன்.

"எனக்கா? எனக்கா பாட்டு கட்டுனீங்க?" என்று கேட்டுக்கொண்டே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

வாசித்தேன். பழகிய கை, மெதுவாகத்தான் வாசித்தது. நடுவில் அந்த இடம் வந்ததும் தானாக நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று...

அவர் முன்னால் சாய்ந்து என் முழங்காலைத் தட்டினார்.

"ஏன் நிப்பாட்டுனீங்க? சத்தமா வாசிங்க தம்பி. நான் முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்."