மஞ்சள் டேப் ஒட்டிய தரை

அக்கா வீட்டில் அடுப்பங்கரை வாசலிலிருந்து படுக்கையறைக் கட்டில் வரைக்கும் தரையில் குறுக்குக் குறுக்காக மஞ்சள் டேப் ஒட்டியிருக்கும். வயரிங் வேலைக்காரர்கள் கம்பியில் சுற்றுவார்களே, அந்த டேப்தான். கண்ணாடி போல மின்னுகிற வெள்ளை டைல்ஸில் அது சகிக்கவே சகிக்காது. கடியப்பட்டணத்தில் அந்த வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைப் பற்றித்தான். கேட்காமல் தாண்டிப் போகிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை. நான் எதையும் துருவித் துருவிக் கேட்கிற ரகம். தையல் வேலை பார்க்கிற எனக்கு வீட்டில் வைத்த பெயர் சிஐடி.

அக்காவின் கணவரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். பள்ளிக்கூடத்தில் பி.டி. சாராக இருந்தார். காலேஜ் காலத்தில் தடை தாண்டும் ஹர்டில்ஸ் ஓட்டத்தில் ஏகப்பட்ட கோப்பைகள் வாங்கியவர். ஆனால் தடை இல்லாத வெறும் ஓட்டத்தில் எப்போதும் கடைசிதானாம். அது எப்படி என்று ஒருமுறை குடைந்தேன். "நேரா ஓடுன்னா எனக்கு மண்டை எங்கயாவது போயிரும் பிள்ளே. முன்ன ஒண்ணு நிக்கணும். அதத் தாண்டணும்னு நெனச்சாத்தான் காலு எந்திரிக்கும்" என்றார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன்.

கல்யாணம் முடிந்த மறுநாளே, கோயிலில் முதல் மணி அடிக்குமுன் எழுந்து கடற்கரை மணலில் ஓடப் புறப்பட்ட மனுஷன், போகிற போக்கில் பால் விடாத ஒரு கட்டன்சாயா போட்டு அக்காவின் கட்டிலுக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அன்றையிலிருந்து அது ஒருநாளும் தப்பவில்லை. அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. பல் தேய்க்காமல், போர்வையைக்கூட விலக்காமல் வாங்கிக் குடிப்பாள். எங்கள் அம்மா பார்த்துவிட்டு, "நல்ல வளர்ப்பு வளத்துருக்கேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். தெருவில் கூட்டாளிகள் கேலி பேசியதற்கு, "நீங்க ஒருநா போட்டுக் குடுத்துப் பாருங்கலே, வீட்ல ஒரு வாரத்துக்குச் சண்டை இருக்காது" என்று அத்தான் பதில் சொன்னாராம். பிள்ளை பிறந்து, அவன் படித்து, துபாய்க்குப் போன பிறகும் சாயா நிற்கவில்லை.

ஐம்பதைத் தாண்டியபோது வலது கைப் பெருவிரல் தானாக ஆட ஆரம்பித்தது. விசில் பிடிக்கிற கை. பார்க்கின்சன் நோய் என்றார் டாக்டர். மாத்திரையால் சமாளிக்கலாம், முழுக்கத் தீராது. அத்தான் வேலையை முன்கூட்டியே விட்டார். ஓட்டம் நடையாயிற்று, நடையும் முற்றத்துக்குள் சுருங்கிற்று. சாயாவை மட்டும் விடவில்லை. நடுங்குகிற கைக்காக மூடி போட்ட பெரிய கப் ஒன்று வாங்கி, அதில் பாதி ஊற்றிக் கொண்டுபோவார். "பாதிச் சாயாவுக்கு முழு அன்பு" என்று அக்கா கிண்டலடிப்பாள். நாளெல்லாம் அவரால் நிச்சயமாகச் செய்ய முடிந்த காரியம் அது ஒன்றுதான் என்பது அவளுக்குத் தெரியும்.

மகனுக்குக் கல்யாணம் உறுதியானதும் வீட்டைப் புதுப்பித்தார்கள். பழைய தரை சிவப்புச் சிமெண்ட். ஈரமாக இருக்கும்போதே கயிறு வைத்து அழுத்திக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருப்பார்களே, அந்த மாதிரி. அங்கங்கே வெடித்துப் பெயர்ந்து கிடந்தது. அவர் கால் தட்டி விழுந்துவிடக் கூடாது என்று அக்கா கடை கடையாக ஏறி, ஜாயின்டே தெரியாத பெரிய டைல்ஸாகத் தேடி எடுத்தாள். வேலை முடியும் வரை இருவரும் என் வீட்டில் இருந்தார்கள். என் வீட்டிலும் அதே பழைய கட்டம் போட்ட சிமெண்ட்தான். சாயா ஒழுங்காக நடந்தது.

புதுத் தரைக்குத் திரும்பிய மறுநாள் காலை, அத்தான் கப்போடு அடுப்பங்கரை வாசலில் நின்றவர் நின்றபடியே நின்றுவிட்டார். கால் எழவில்லை. அக்கா விழித்து வந்து பார்க்கும்போது சாயா ஆறி, மனுஷன் வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். மறுநாளும் அப்படியே. நோய் முற்றிவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டினோம். மகன் போனில் வீல்சேர் வாங்கச் சொன்னான். நான் மட்டும் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து, கால் ஒட்டிக்கொள்ளும்போது உள்ளே எப்படி இருக்கும் என்று கேட்டேன். இதையெல்லாம் கேட்கலாமா என்று அக்கா முறைத்தாள். அவருக்குக் கோபம் வரவில்லை. "காலுக்கும் மண்டைக்கும் போன் கனெக்ஷன் அத்துப்போச்சு பிள்ளே. ரிங் போவுது, எடுக்க ஆளில்ல."

கல்யாண ஜாக்கெட்டுகள் தைக்க அந்த வாரம் முழுக்க அங்கேயே இருந்தேன். ஒன்று மட்டும் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. ஹாலில் சிலை மாதிரி நிற்கிறவர், எங்கள் தோளைப் பிடித்துப் பின்வாசல் வரை வந்துவிட்டால், பழைய சிமெண்ட் தரை மாறாமல் கிடக்கிற துணி துவைக்கும் இடத்தில் தானாக நடந்தார். படியிலும் தடுமாறாமல் இறங்கினார். நோய் முற்றிய கால் அங்கே மட்டும் எப்படி நடக்கும்? காற்று பட்டதும் தெம்பு வருகிறது என்றாள் அக்கா. எனக்குச் சமாதானமாகவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம். அத்தான் ஹாலின் நடுவில் சிக்கி நின்றார். தாங்கிப் பிடிக்க அவசரமாக எழுந்தேன். என் மடியிலிருந்த மஞ்சள் இஞ்சு டேப் நழுவி அவர் காலுக்கு முன்னால் குறுக்கே விழுந்தது. அவர் குனிந்து பார்த்தார். வலது கால் எழுந்து டேப்பைத் தாண்டி வைத்தது. இடது காலும் வந்தது. இரண்டு எட்டு நடந்து மறுபடி நின்றுவிட்டார். டேப்பை எடுத்து மீண்டும் முன்னால் போட்டேன். தாண்டினார். திரும்பவும் போட்டேன். கட்டில் வரைக்கும் அப்படியே வந்து உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஹர்டில்ஸாக்கும் பிள்ளே, ஹர்டில்ஸ்! பழைய தரையில கோட்டத் தாண்டித்தான் நடந்துருக்கேன். எனக்கே தெரியல பாத்தியா?" இந்த நோய்க்காரர்கள் சிலருக்குக் கோடு கைகொடுக்கும் என்று பிசியோதெரபி செய்கிறவர் பிறகு சொன்னார்.

கடைக்கு ஓடிப்போய் வயரிங் டேப் வாங்கி வந்தேன். அக்கா முதலில் பாய்ந்தாள். "ஏட்டி, உனக்கு வேற சோலி இல்லியா? புதுத் தரையில இதப்போயி ஒட்டுவாவளா? பொண்ணு வீட்டுக்காரங்க பாத்தா என்ன நெனப்பாவ?" நான் நிறுத்தவில்லை. அவர் எட்டை அளந்து, இருபத்தாறு அங்குலத்துக்கு ஒன்றாக ஒட்டினேன். மறுநாள் முதல் மணிக்கு முன்னால் அத்தான் கப்போடு ஒவ்வொரு டேப்பாகத் தாண்டிக் கட்டிலுக்கு வந்து சேர்ந்தார். அக்கா கப்பை வாங்காமல் ஓவென்று அழுதாள். "நானேல்லா உங்க காலக் கட்டிப்போட்டேன்." அவர் கப்பை நீட்டியபடியே, "மொத இதக் குடி. குடிச்சிட்டு அழு" என்றார். பெண் வீட்டார் வந்தபோது டேப் எதற்கென்று அக்காவே முந்திக்கொண்டு விளக்கினாள்.

பிறகு வந்த வருஷங்களில் அவர் எட்டு குறுகக் குறுக டேப்பை நெருக்கி நெருக்கி மாற்றி ஒட்டினேன். இருபது அங்குலம். பதினாறு. கடைசியில் பதினொன்று. பிய்த்த இடங்களில் பசை அழுக்கேறிக் கருத்துக் கிடக்கிறது. எந்த லோஷனுக்கும் போகவில்லை. அத்தான் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. கடைசி மூன்று வாரம் மட்டுமே படுக்கை. அதற்கு முந்தின நாள்வரை சாயா வந்தது.

போன வாரம் அங்கே போய்த் தங்கினேன். முதல் மணி அடித்தது. அக்கா எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள். அந்த மூடி போட்ட கப்பில் பாதிச் சாயாவோடு வந்தாள். நல்ல கால்கள்தான் அவளுக்கு. நேராக நடந்துவிடலாம். பதினொரு அங்குலத்துக்கு ஒருமுறை குட்டிக் குட்டி எட்டாக, ஒரு டேப்பையும் மிதிக்காமல் தாண்டி வந்தாள். கட்டிலில் ஏறிப் போர்வையை இழுத்து மூடிக்கொண்ட பிறகுதான் கப்பைத் திறந்தாள். பல் தேய்த்திருக்கவில்லை. என் புத்தி சும்மா இருக்குமா? "ஏன்க்கா, இம்புட்டு தூரம் சொமந்துட்டு வாறதுக்கு அங்கனயே குடிக்கப்பிடாதா?" என்று கேட்டேன்.

ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சொன்னாள்: "அங்கன நின்னு குடிச்சா அது நான் போட்ட சாயாவால்லா ஆயிரும், ஏட்டி."